இடது செயின்

லோகநாதனைப் பத்தி விசாரிக்கத்தான வந்தீங்க? உக்காருங்க. கட்டில்ல உக்காருங்க, அந்த நாற்காலிக்கு ஒரு காலு ஆடும். தாராபுரத்துல இருந்து பைக்குலயே வந்தீங்களா, இந்த வெயில்ல? வீட்டுல எம் பொண்டாட்டி பாவாயி இருந்தா மோராச்சும் கலக்கிக் குடுப்பா. அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கறா. கோயில் நோம்பி முடிஞ்சா வந்துருவா. தண்ணி குடியுங்க.

பொண்ணு குடுக்கறவங்க நாலு எடத்துல விசாரிக்கறது நாயந்தானுங்க. அதுலயும் நேரா எங்கிட்ட வந்தீங்க பாருங்க, அது நல்ல காரியம். ஊருக்குள்ள கேட்டா அவனைத் தங்கம்பாங்க. ஊருக்கு என்னங்க தெரியும்? எங்கிட்டத்தான வேலைக்கு இருந்தான். அதா, வேம்புக்கு அந்தப் பக்கம் மஞ்சளா நிக்குது பாருங்க, அந்த டோசரை ஓட்டுனவன் அவன்தான்.

குடியில்லீங்க அவனுக்கு. பீடி கூட இல்லை. இருக்கறதை இருக்குதுன்னுதான் சொல்லோணும். ஆனா மனுசனுக்கு நெலச்ச புத்தி வேணுமில்லீங்களா? பாதி வேலையில எறங்கிப் போறவனை நம்பி ஒரு பொம்பளைப் புள்ளையை எப்படிங்க குடுப்பீங்க? நான் நடந்ததைச் சொல்லிப்போடறேன். நீங்களே ரோசனை பண்ணிக்குங்க.

எனக்கு முதல்ல தறிதானுங்க. ரெண்டு தறி. அது ஓய்ஞ்சு போச்சு. எங்கூட்டுப் பக்கமெல்லாம் அப்பத்தான் காட்டை வாங்கி பிளாட் போட ஆரம்பிச்சாங்க. காடுன்னா வெள்ளாமை நின்னுபோன நெலந்தானுங்க, மேடு பள்ளம், பாறை, கருவேலம். எல்லாத்துக்கும் மேல பாழுங்கெணறு. தண்ணி வத்திப்போன கெணறு காட்டுக்கு ஒண்ணு கெடக்குது. கெணத்தை மூடாம பிளாட் விக்க முடியாது. சக்கர வண்டி கெணத்துக்கிட்டப் போனா வெளிம்பு சரியும். செயின் வண்டிதான் போவோணும். அதுக்கு டயரு கிடையாதுங்க, ரெண்டு பக்கமும் இரும்புச் செயின், முன்னால மண்ணைத் தள்ற பிளேடு. ஒரு செயின் வண்டி மட்டும் இருந்தா வருசம் முச்சூடும் வேலைன்னு எனக்குப் பட்டுது. தறியை வித்தேன். பாவாயி கழுத்துல கெடந்ததையும் வாங்கிட்டேன். குடுத்துட்டாளுங்க, சும்மா சொல்லக்கூடாது.

வண்டி பாலக்காட்டுக்கு அந்தாண்ட ஒரு எஸ்டேட்டுல இருந்துச்சு. என் கல்யாணத்துக்கு முந்தியே செஞ்ச வண்டி. லோகு அப்ப சும்மா இருந்தான், டோசர் ஓட்டிப் பழக்கமுள்ளவன்னு அவனையும் கூட்டீட்டுப் போனேன். நாங்க போய் எறங்குனப்பவே வண்டி ஓடீட்டு நின்னுதுங்க. புதுப் பெயிண்டு, பளபளன்னு. என்ன ஒரு சத்தம், வயித்துக்குள்ள கேக்கற சத்தம். எனக்கு அங்கேயே மனசு விழுந்துருச்சு.

இவன் என்ன பண்ணுனான்? இஞ்சின் மேல கையை வெச்சுப் பாத்துட்டு என்னைத் தனியாக் கூப்புட்டான். "அண்ணா, நாம வர்றதுக்கு வெகு நேரம் முந்தியே ஓட விட்டிருக்கறாங்க. ஏனுன்னு தெரியலை"ன்னான். நமக்காக ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கறாங்க, மரியாதை தெரிஞ்சவங்கன்னு நான் நெனச்சேன். அடியில படுத்துப் பாத்தான், செயினு நல்லாருக்குதுன்னான். செயினு ஓடற உருளையெல்லாம் தட்டிப் பாத்தான், அதுவும் சரின்னான். அப்பறம் மேட்டுல ஏத்தி எறக்கிப் பாக்கோணும்னான். எஸ்டேட்டுக்காரரு, மழை பேஞ்சு மண்ணு வழுக்குது, இன்னைக்கு வேண்டாம்னு சொன்னாரு. இவன் விடலீங்க. "மேட்டுல எறக்கிப் பாக்காம முன்பணம் குடுக்க வேண்டாங்க"ன்னு எல்லார் முன்னாலயும் சொல்றான். எனக்குச் சங்கடமாப் போச்சு. வளர்பிறை, நல்ல நாளு பாத்துப் போயிருக்கறோம். திரும்ப வெறுங்கையோட வர முடியுங்களா? குடுத்துட்டேன். அன்னைக்கிருந்தே அவனுக்கு எம்பேர்ல ஒரு மனத்தாங்கல்தான். தான் சொன்னதைக் கேக்கலையேன்னு.

வண்டியை நான் எப்படி வெச்சிருந்தேன்னு யாரை வேண்ணாலும் கேளுங்க. லாரியில ஏத்திக் கொண்டாந்து எறக்குன அன்னைக்கே மஞ்சத் தண்ணி தெளிச்சு, பூசணிக்காய் சுத்தி ஒடச்சோம். வெடியால எந்திரிச்சா முதல் வேலை கிரீஸ் துப்பாக்கி. ஒரு உருளை விடாம அடிப்பேன். செயினுக்குள்ள ஒட்டுன மண்ணைக் கம்பி வெச்சு நோண்டி எடுப்பேன், காய விட்டா உருளையைத் தின்னுரும். ஆயில் நாள் தவறாது. ரேடியேட்டருக்கு நல்ல தண்ணிதான், உப்புத் தண்ணி ஊத்த மாட்டேன். சீட்டுக்குப் புது மெத்தை தெச்சேன். பாவாயி சிரிப்பா, நீங்க என்னைக் கூட இப்படிப் பாத்ததில்லைன்னு. லோகு சொன்னானுங்க, "அண்ணா, தெரியற எடமெல்லாம் நல்லா இருக்குது. தெரியாத எடத்தையும் ஒருக்காத் தொறந்து பாத்துருவோம்"னு. வண்டி வந்து மூணாவது நாளோ நாலாவது நாளோ.

என்னன்னா, டோசருக்கு ஸ்டீரிங் கிடையாதுங்க. ரெண்டு லீவரு, ரெண்டு பெடலு. இடது லீவரை இழுத்து இடது பெடலை மிதிச்சா இடது செயின் நிக்கும், வலது செயின் ஓடும், வண்டி இடது பக்கம் திரும்பும். ரெண்டையும் மிதிச்சா வண்டி நிக்கும். அவ்வளவுதான். எங்க வண்டியில வலது பக்கம் சும்மா கப்புனு நிக்கும். இடது செயின் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. நிக்கும், நிக்காமயில்லை. ஒரு தவை மிதிச்சா நிக்காது, இன்னொருக்கா மிதிச்சா நிக்கும். பின்னால பெட்டிக்குள்ள எங்கியோ ஆயில் ஒழுகி பிரேக்குப் பட்டையில படுதுன்னு மெக்கானிக் சபாபதி சொன்னாரு. பெட்டியைத் தொறக்கோணும், சீல் மாத்தோணும், பட்டை மாத்தோணும். இந்த வண்டிக்குச் சாமான் கெடைக்காது, வடக்க சொல்லித்தான் வரோணும், அது வரைக்கும் வண்டி தொறந்தே கெடக்கும்னாரு. சீசன்ல வண்டியைத் தொறந்து போட்டுட்டு நான் எங்கீங்க போறது? வேற வழி இருக்குதான்னேன். உள்ள டீசல் ஊத்திக் கழுவி விட்டா பட்டை கொஞ்ச நாளைக்குக் கடிச்சுப் புடிக்கும், ஆனா அது வைத்தியம் இல்லைன்னாரு. கழுவுனோம். நல்லாத்தான் கடிச்சுது.

கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி வழுக்கும். மறுபடி கழுவுவோம். நான் சலிச்சுக்கவே இல்லீங்க. குழந்தைக்கு சளி புடிச்சா மருந்து ஊத்தற மாதிரி ஊத்தீட்டே இருந்தேன்.

இவன்தான் மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டான். ஒரு தடவை சரிவுல எறங்கி வர்றப்ப நிக்காம ஒரு தென்னையில போய் முட்டி நின்னுது. மரம் சாஞ்சுது, வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. தோட்டக்காரருக்கு நான் சமாதானம் சொல்லி முடிச்சேன். எறங்கி வந்து, "தென்னை இருந்துச்சு, நின்னுது"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நோம்பி கழிஞ்சு தொறக்கலாம்னு சொன்னேன். நோம்பி வந்துச்சு, அப்பப் பாத்து ஒரு பெரிய எடத்துல கூப்பிட்டாங்க. ஆடி கழிஞ்சு பாக்கலாம்னேன். நான் ஏமாத்தலீங்க. தொறக்கலாம்னுதான் இருந்தேன்.

கெணத்து வேலை எப்படின்னா, முதல்ல சுத்துக் கல்லைப் பேத்து உள்ள தள்ளோணும். புறாவெல்லாம் ஒட்டுக்காப் பறக்கும். அப்பறம் மண்ணு. ஒரு குமி மண்ணைத் தள்ளீட்டு வெளிம்புக்கு முன்னால நிப்பாட்டி, பின்னால வந்து, அடுத்த குமி. அடுத்த குமியைத் தள்ளறப்பத்தான் அது முட்டி முதல் குமி உள்ள விழும். அதனால வண்டி வெளிம்புக்கே போவ வேண்டியதில்லை. நிப்பாட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு பயமும் இல்லை. லோகு நல்ல வேலைக்காரன், மறைக்கலை. எத்தனையோ கெணத்தை மூடியிருக்கறோம்.

அந்தப் பெரிய எடத்துல ஒரே காட்டுல மூணு கெணறு. நடுக் கெணறு ரொம்ப ஆழம், கல்லுப் போட்டா சத்தம் வர்றதுக்குள்ள நாம வேற பழமை பேச ஆரம்பிச்சுருவோம். அதுல பாதி மூடுனப்ப, மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி, வண்டி வெளிம்பைத் தாண்டிருச்சுங்க. முழுசா இல்லை, பிளேடும் மூக்கும் மட்டும். இவன் படக்குனு பிளேடை எறக்கி மண்ணுல குத்தவும் நின்னுது. செயினுக்கு அடியில மண்ணு பொலபொலன்னு உள்ள விழுந்துட்டே இருக்குது. அப்படியே பைய ரிவர்ஸ்ல எடுத்தான். எடுத்து, தூரமாக் கொண்டு போய் நிப்பாட்டிட்டு எறங்கி வந்தான். நான் என்ன சொன்னேன்? சாப்புட்டுட்டு வா, சாயங்காலம் கழுவி விடலாம்னேன். வையலை, அடிக்கலை.

அவன் மெதுவாத்தான் சொன்னான். "அண்ணா, நான் இனி ஏற மாட்டனுங்க. நீங்களும் யாரையும் ஏத்தாதீங்க. இன்னைக்கு நின்னுது. இன்னொரு நாள் நிக்காது."

பயந்துட்டான்னு விட்டேன். ஒரு நாள் ரெண்டு நாள் போனா வருவான்னு. அடுத்த நாள் வெடியால போய்ப் பாக்கறேன், வண்டியில லீவரு ரெண்டும் இல்லை. கழட்டிக் கெணத்துக்குள்ள போட்டுட்டான். போட்டுட்டு அந்தக் கெணத்தடியிலயே உக்காந்திருக்கறான், ஓடக்கூட இல்லை. ஏண்டா இப்படிப் பண்ணுனேன்னா, "பெட்டியைத் தொறந்தீங்கன்னா நானே எறங்கி எடுத்துட்டு வர்றேன்"ங்கறான். இதுக்குப் பேரு என்னங்க? ஒருத்தன் வாய்க்குப் போற சோத்துல மண்ணைப் போடறதில்லீங்களா? நீங்களே சொல்லுங்க. தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா? சரி, கேளுங்க.

லீவர் பெரிய காரியமில்லை. பட்டறையில சொல்லி வேற அடிச்சு மாட்டீட்டேன். ஆனா ஆளு கெடைக்கலை. சுத்துவட்டாரத்துல இருக்கற ஆபரேட்டர் அத்தனை பேருகிட்டயும் போய்ச் சொல்லி வெச்சிருக்கறான், இந்த நாச்சிமுத்து வண்டியில ஏறாதீங்கன்னு. கேக்கற பக்கமெல்லாம் தலையை ஆட்டறாங்க. வண்டி சும்மா நிக்குது. காட்டுக்காரங்க நாளைக்கு ஒருக்கா போன் போடறாங்க, வேற வண்டி பாத்துக்கட்டுமான்னு. எனக்குத் தூக்கமே இல்லீங்க.

கடைசில திருச்செங்கோட்டுப் பக்கம் போய் ஒருத்தரைக் கூட்டீட்டு வந்தேன். அர்த்தனாரின்னு பேரு. வயசானவரு, பேரன் பேத்தி எடுத்தவரு, வேலையை உட்டு ஓய்வா இருந்தாரு. பாவம், சும்மா இருக்க முடியலை, வர்றேன்னாரு. எங்க வீட்டுலதான் தங்குனாரு. பாவாயி வெச்ச கொள்ளுப் பருப்பை மறுக்கா மறுக்காக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாரு. தாயின்னுதான் அவளைக் கூப்புடுவாரு. நல்ல மனுசன்.

இடது செயினைப் பத்தி அவருகிட்டச் சொல்லலைதானுங்க. அது ஒரு காரணத்தோடதான். சொன்னாப் பயம் வரும். பயந்து போய் மிதிக்கறவன் காலு நடுங்கும். லோகுவைக் கெடுத்ததே அந்தப் பயந்தான. அவரு முதல்ல வண்டியில ஏறுன அன்னைக்குக் காலையிலதான் நல்லா டீசல் ஊத்திக் கழுவியிருந்தேன்.

முதல் நாள் காட்டுக்கு வண்டி போனப்பவே இவன் வந்து வழியில நிக்கறான். அர்த்தனாரிகிட்டப் போய் என்னமோ சொல்லிக் கையைக் கையை ஆட்டறான். நான் ஓடிப் போய், இனி இந்தக் காட்டுக்குள்ள காலு வெச்சா போலீசுல புடிச்சுக் குடுத்துருவேன், லீவர் திருடுன கேசு இருக்குதுன்னு சொன்னேன். அவன் என்னைப் பாக்கவே இல்லீங்க. அவரைத்தான் பாத்துட்டு இருந்தான். அர்த்தனாரி, "நீ பொறக்கறதுக்கு முந்தியே இந்த மாதிரி வண்டி ஓட்டுனவன் தம்பி, நான் பாத்துக்கறேன்"ன்னாரு. இவன் போய் வேலிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டான். அடுத்த நாளும் வந்து உக்காந்தான். அதுக்கு அடுத்த நாளும். வேலையில்லாதவன். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாமி சத்தியமாச் சொல்றேன், அர்த்தனாரி நல்லாத்தான் ஓட்டுனாரு. முதல் கெணத்தை மூடி முடிச்சாரு. நடுக் கெணத்துலயும் மண்ணுத் தள்ள ஆரம்பிச்சுட்டாரு. நான் டீ வாங்கிட்டு வந்துட்டிருக்கறேன், தூக்குப் போசி கையில. அவரு ஒரு குமியைத் தள்ளீட்டுப் போறாரு. குமி உள்ள விழுந்துச்சு. வண்டியும் பின்னாலயே போயிருச்சு. சத்தங்கூடப் பெருசா இல்லீங்க. இருந்த எடத்துல இல்லை, அவ்வளவுதான்.

ஆனா இஞ்சின் நிக்கலை. அதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்குது. கெணத்துக்குள்ள தலைகீழா நட்டுக்கிட்டு, செயினு ரெண்டும் சும்மா காத்துல ஓடீட்டு இருக்குது. வலது செயின், இடது செயின், ரெண்டும். பொகை மேல வருது. அத்தனை பேரு கூடிட்டாங்க, ஒருத்தனும் எறங்கலை. எப்படிங்க எறங்கறது? மண்ணு சரியுது, செயினு ஓடுது. நானும் எறங்கலை, எனக்கு முட்டி வலி.

வேலியத் தாண்டி ஓடி வந்தது இவன்தான். கயிறைக் கட்டிக்கிட்டு எறங்குனான். செயினுக்கு ஓரமா உள்ள கையை விட்டு டீசலை அடைச்சான். சத்தம் நின்னுது. அப்பறம் ரொம்ப நேரம் கையாலயே மண்ணை நோண்டுனான். அர்த்தனாரியைத் தோள்ல கட்டிக்கிட்டு மேல வந்தப்ப அவருக்கு உசுரு இல்லை.

இப்பச் சொல்லுங்க. இவன் ஒழுங்கா வண்டியிலயே இருந்திருந்தா அந்தப் பெரிய மனுசன் எதுக்குங்க திருச்செங்கோட்டுல இருந்து வரப்போறாரு? வண்டியோட கொணம் இவனுக்குத்தான் தெரியும். எப்ப வழுக்கும், எப்பப் பிளேடை எறக்கோணும், அத்தனையும் தெரிஞ்சவன். தெரிஞ்சவன் எறங்கிப் போய்ட்டா, தெரியாதவன்தான ஏறோணும்? பழி யாருதுங்க? போலீசுல நான் அதைச் சொல்லலை. ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதிட்டுப் போய்ட்டாங்க. நானும் பெருந்தன்மையா விட்டுட்டேன்.

அவனுக்கே மனசு உறுத்துதுங்க, அது எனக்குத் தெரியும். இப்பத் தேங்கா உரிக்கப் போறானில்ல, அதுல வர்றதை எடுத்துக்கிட்டு மாசா மாசம் அர்த்தனாரி வீட்டுக்குப் போய்க் குடுத்துட்டு வர்றான். தப்புப் பண்ணாதவன் எதுக்குங்க போவான்? பாவாயிகிட்ட இதைச் சொன்னேன். அதுக்கு அடுத்த நாள்தான் அண்ணன் வீட்டுக்குப் போனது. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் தாங்காது. நோம்பி முடியட்டும்.

கிரேன் வெச்சு வண்டியைத் தூக்குனோம். மூக்கு நசுங்கி, ரேடியேட்டர் போய், பாக்கவே பொறுக்கலை. இத்தனை நாளா அதே வேலைதானுங்க எனக்கு. ரேடியேட்டர் மாத்தியாச்சு. பிளேடுக்கு வெல்டு வெச்சாச்சு. சீட்டு புதுசு. பெயிண்டு நானே அடிச்சேன். சபாபதி வந்து பாத்துட்டு மறுபடி அதே பாட்டுத்தான், பெட்டியைத் தொறன்னாரு. தொறக்கலாம். நடுக் கெணறு அப்படியே கெடக்குது, மூணாவதும் பாக்கி, காட்டுக்காரங்க இன்னும் வேற ஆளு பாக்கலை. அதை முடிச்சுட்டுத் தொறந்தர்றதுதான்.

அதனால நீங்க பொண்ணு குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். நான் இருக்கறதைச் சொல்லீட்டேன். ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? வெயிலு தாழட்டும், உக்காருங்க. அதுக்குள்ள எதுக்குங்க செருப்பை மாட்டறீங்க? சாப்பிடாம வந்துட்டீங்களாட்ட இருக்குது.

அதாருங்க, டோசர் மேல ஏறி உக்காந்திருக்கறது? உங்க பையனா? உங்களைப் பைக்குல கூட்டீட்டு வந்தவரா? அட, கூப்புடாதீங்க, இருக்கட்டும். என்ன வேலை பாக்கறாரு? டிராக்டர் ஓட்டுவாரா? பாருங்க, லீவரைப் புடிக்கறதே ஒரு பாங்கா இருக்குது. ஒரு ரவுண்டு வேண்ணா ஓட்டிப் பாக்கட்டும். ஒண்ணும் ஆவாது, காலையிலதான் கழுவி விட்டேன்.

தம்பி, சித்தெ எறங்குங்க. செயினுக்கு முன்னால ரெண்டு பெரிய கல்லு வெச்சிருக்கறேன் பாருங்க, இடது பக்கம். அதை எடுத்துப் போட்டுட்டு அப்பறம் ஏறுங்க.